மரப்பேனாவும் மரத்தின் ஈரமும்: கடைசற்கட்டையை முன்கூட்டி ஆயத்தம் செய்தல்

கடைசல் எந்திரத்திலிருந்து கழற்றி எடுத்த அன்று மரப்பேனா குறையொன்றும் காட்டுவதில்லை. மெருகு ஏறியிருக்கும், பித்தளை முனைகளோடு மரம் இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கும், விரல்களுக்கிடையே உருட்டினால் மேடு பள்ளம் தென்படாது. மூன்று மாதமோ ஆறு மாதமோ சென்ற பின்னர், பேனாவின் நீளவாட்டத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தோன்றும். வாங்கியவர் அதைக் கடைந்தவரின் கைக்குறை என்று கொள்வார். கடைந்தவர் மரத்தின்மேல் பழி சுமத்துவார். பசையைக் குறை கூறுவாரும் உளர். பெரும்பாலான சமயங்களில் கையும் மரமும் பசையும் குற்றமற்றவையே. கட்டை எந்திரத்தில் ஏறுவதற்கு முன்னர் உலர்வதற்கு உரிய காலம் அதற்கு அளிக்கப்படவில்லை என்பதே காரணமாகும்.

நம் நாட்டில் கையால் கடைந்த பேனா என்றவுடன் ஆந்திரத்திலுள்ள ராஜமுந்திரி (இப்போது ராஜமகேந்திரவரம்) நினைவுக்கு வரும். அங்கு 1930-களில் வேரூன்றிய பேனாத் தொழில், எபொனைட் என்னும் கடினமாக்கப்பட்ட ரப்பரை ஆதாரமாகக் கொண்டது. எபொனைட் காற்றின் ஈரத்தை ஏற்றுப் பருப்பதுமில்லை, இழந்து மெலிவதுமில்லை எனலாம். அதன் தண்டை இன்று வாங்கி இன்றே கடையலாம். மரம் அத்தகையதன்று. வெட்டுண்ட பின்னும், அறுபட்ட பின்னும், மெருகேறிய பின்னும் அது காற்றோடு ஈரத்தைக் கொள்வதும் கொடுப்பதுமாகவே இருந்துவரும். கைத்தொழில் பயிற்சி வகுப்புகளிலும் சிறு பட்டறைகளிலும் மரப்பேனா கடைய முற்படுவோர் முதலில் அறிய வேண்டுவது உளி பிடிக்கும் முறையன்று. மரத்தின் இந்த இயல்பே.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. மரத்தை உலர்த்தி வேலைக்குத் தகுதியாக்குவதைப் ‘பதப்படுத்தல்’ என்று நூல்கள் எழுதுகின்றன. தோலைப் பதப்படுத்துவதும், பழத்தைப் பதப்படுத்துவதும் அச்சொல்லாலேயே வழங்குவதால், ஏதோ மருந்து ஊட்டும் காரியம் போலும் என்ற மயக்கம் மாணவரிடையே ஏற்படுவதுண்டு. மரத்தைப் பொறுத்தவரை பதப்படுத்தல் என்பது பெரும்பாலும் உலர்த்தலே. ஆதலின் இக்கட்டுரையில் ‘உலர்த்தல்’ என்ற எளிய சொல்லே ஆளப்படுகிறது. கடைவதற்கென அறுத்து வைக்கும் சதுரத் துண்டைப் ‘பேனாக்கட்டை’ என்று குறிப்பிடுவோம்.

மரம் எவ்வாறு சுருங்குகிறது

பச்சை மரத்தில் நீர் இருவகையாக இருக்கிறது. நுண்ணறைகளின் வெற்றிடத்தில் தேங்கி நிற்கும் நீர் ஒருவகை. அறைச் சுவர்களுக்குள் ஊறிப் பிணைந்திருக்கும் நீர் மற்றொரு வகை. மரம் உலரத் தொடங்கும்போது முதல்வகை நீரே வெளியேறுகிறது. அதனால் எடை குறையுமேயன்றி உருவம் குறையாது. அறைகள் வெறுமையாகிச் சுவர்கள் மட்டும் நனைந்திருக்கும் நிலையில் ஈரம் ஏறக்குறைய நூற்றுக்கு 28 முதல் 30 வரை இருக்கும். சுருக்கம் அதன் பின்னரே தொடங்குகிறது. பச்சை மரத்தை எடுத்துப் பத்து நாள் நிழலில் வைத்துவிட்டு, ‘எடை நிரம்பக் குறைந்துவிட்டது, அளவோ மாறவில்லை, மரம் காய்ந்துவிட்டது’ என்று கருதுவோர் ஏமாறுவது இவ்விடத்தில்தான். சுருங்க வேண்டிய பகுதி இன்னும் முழுமையாக எஞ்சியிருக்கிறது.

சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை என்பது இரண்டாவது செய்தி. மரத்தின் நீளவாட்டத்தில் அது மிக அற்பம். நூற்றில் கால் பங்குகூட இராது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் ஆரத்திசையில் ஓரளவு; வளர்ச்சி வளையங்களை ஒட்டிச் செல்லும் சுற்றுத்திசையில் அதைப்போல் இருமடங்கு. பச்சை நிலையிலிருந்து முற்றும் உலர்ந்த நிலைக்கு வருகையில் தேக்கு ஆரத்திசையில் நூற்றுக்கு 2.5 அளவும், சுற்றுத்திசையில் 5.8 அளவும் சுருங்குகிறது. நம் ஈட்டி மரத்துக்கு இவ்வெண்கள் முறையே 2.7, 5.8 ஆகும்.

இதனை வகுப்பில் காட்டுவது எளிது. கைப்பிடிப் பருமனுள்ள பச்சைக் கிளை ஒன்றிலிருந்து விரற்கடை கனமுள்ள வட்டத் தட்டு ஒன்றை அறுத்து வெயிலில் வைக்கவேண்டும். சில நாட்களில் விளிம்பிலிருந்து நடுப்புள்ளி வரையில் ஆப்பு வடிவில் ஒரு வெடிப்பு விரியக் காணலாம். சுற்றளவு அதிகமாகச் சுருங்கிற்று. ஆரமோ அவ்வளவு குறையவில்லை. குறுகிய சுற்றளவு குறையாத ஆரத்தைச் சுற்றி வளைய முடியாமல் ஓரிடத்தில் அறுந்தது. கரும்பலகையில் அரைமணி நேரம் விளக்குவதை இத்தட்டு ஒரே பார்வையில் விளக்கிவிடும்.

இனிப் பேனாவுக்கு வருவோம். சாதாரண மரப்பேனா உண்மையில் மரக்குழல் போர்த்திய பித்தளைக் குழாயே ஆகும். மெல்லிய பேனாக்களில் அக்குழாயின் வெளிவிட்டம் 7 மில்லிமீட்டர். கட்டையில் அதே அளவு துளையிட்டு, குழாயைப் பசை தடவிச் செலுத்தி, அதன் பிறகே கடைகிறார்கள். கடைந்து முடிந்தபின் குழாயின்மேல் நிற்கும் மரத்தின் கனம் ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்படாது.

நூற்றுக்கு 20 ஈரமுள்ள ஈட்டிக்கட்டையைக் கடைந்துவிட்டோம் என்று கொள்வோம். குளிர்பதனம் செய்த அலுவலக அறையில் அது மெல்ல 10-க்கு இறங்குகிறது. ஈரம் ஓர் அலகு குறையுந்தோறும் சுற்றுத்திசையில் ஏறக்குறைய நூற்றுக்கு 0.19 வீதம் சுருங்குமாதலால், பத்து அலகுக்கு 1.9 ஆகிறது. 7 மில்லிமீட்டர்த் துளை சுற்றுத்திசையில் 0.13 மில்லிமீட்டரும், ஆரத்திசையில் 0.06 மில்லிமீட்டரும் குறுக முயல்கிறது. உள்ளே நிற்கும் பித்தளையோ அணுவளவும் விட்டுக்கொடுப்பதில்லை. பீப்பாயின் இரும்பு வளையம் இறுகுவதுபோல் மரம் குழாயின்மேல் இறுகுகிறது. இழைகளுக்குக் குறுக்கே இழுப்பைத் தாங்கும் வலிமை எம்மரத்துக்கும் குறைவு. ஒருநாள் அது நீளவாட்டத்தில் விட்டுக்கொடுக்கிறது. 0.13 மில்லிமீட்டர் என்பது ஒரு தாளின் கனமே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. ஒரு மில்லிமீட்டர்ச் சுவருக்கு அது பெரிய தொகை.

சன்னபட்டணத்தில் ஏன் அவ்வளவு வெடிப்பதில்லை

பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையிலுள்ள சன்னபட்டணம் கடைசல் பொம்மைகளுக்குப் பெயர்போனது. திப்பு சுல்தான் காலத்திலிருந்து இத்தொழில் அங்கு நிலைபெற்று வருவதாக மரபு கூறும். அங்குள்ளோர் தொன்றுதொட்டு விரும்பிக் கையாளும் மரம், கன்னடத்தில் ‘ஆலெ மரம்’ எனப்படும் நம் வெட்பாலையே. தந்தம் போன்ற வெண்மையும், நெருங்கிய சீரான இழையும், உளிக்கு வழுவழுப்பாக இணங்கும் தன்மையும் உடையது. ஆந்திரத்து ஏட்டிகொப்பாகாவிலும் இதே மரம்தான். அங்கு அதற்கு ‘அங்குடு’ என்று பெயர். சுழலும் பொருளின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் வெப்பத்தால் அரக்கு இளகி மரத்தின்மேல் படிகிறது; சன்னபட்டணத்தில் தாழை மடலால் அதனைத் தேய்த்து ஒளியேற்றுகிறார்கள்.

பொம்மைத் தொழிலாளர் ஈரத்தில் சற்றுத் தாராளமாக இருந்துவிடலாம் என்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. பம்பரமோ கிலுகிலுப்பைப் பிடியோ முழு மரத்தால் ஆனது. உள்ளே தடுக்கும் உலோகம் இல்லை. சுருங்க வேண்டுமாயின் அது தன் போக்கில் சுருங்கி, வட்டம் சிறிதே நீள்வட்டமாகும். அதைக் கண் அறியாது. அரக்குப் பூச்சும் ஈரத்தின் போக்கைத் தடுப்பதில்லையாயினும் தாமதப்படுத்துகிறது. அவ்வாறிருந்தும் அங்குள்ள அனுபவசாலிகள் வெட்டி வந்த கட்டையைப் பட்டையுரித்து, சிறு கழிகளாக அறுத்து, மாதக்கணக்கில் அடுக்கிவைத்த பின்னரே கடைகிறார்கள். பொம்மைக்கே இத்துணைப் பொறுமை வேண்டுமாயின், உலோகக் குழாயைத் தழுவி நிற்கும் பேனாவுக்கு எத்துணை வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பொம்மைப் பட்டறையில் பழகிய கை பேனாவுக்கு மாறும்போது, பழைய உலர்த்தற் கணக்கையே நம்பிவிடக்கூடாது என்பதைப் பயிற்சியளிப்போர் தனியே எடுத்துச் சொல்லவேண்டும்.

மரம் கிடைக்கும் இடமும் அறுக்கும் முறையும்

பேனாவுக்கென்று மரத்தை வெட்ட வேண்டிய தேவையே இல்லை. தச்சுப் பட்டறையின் கழிவுத் துண்டுகளில் நூற்றுக்கணக்கான பேனாக்கட்டைகள் ஒளிந்துகிடக்கின்றன. தேக்கு, வேம்பு, புளி, பலா, மா, வாகை எல்லாம் பயன்படும். குமிழ் மரம் எளிதில் உலர்ந்து, உலர்ந்தபின் அதிகம் அசையாத நல்லியல்பு உடையது. தொடக்க மாணவருக்கு அதைப் பரிந்துரைக்கலாம். ஈட்டியின் அழகுக்கு ஈடு அரிது. ஆயினும் அந்த இனம் முழுவதும் 2017 ஜனவரி முதல் அழிவாபத்து உயிரினங்களின் பன்னாட்டு வாணிப உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. உள்நாட்டிலும் அதனை வெட்டுவதற்கும் கொண்டுசெல்வதற்கும் மாநில வனச்சட்டங்களின் கட்டுப்பாடுகள் உண்டு. கழிவுத் துண்டாயினும், வாங்கிய கடையின் ரசீதைப் பாதுகாத்து வைத்தல் நலம். செம்மரத்தை நாடவே வேண்டா.

இடித்த பழைய வீடுகளின் விட்டமும் நிலைக்காலும் சிறந்த சரக்கு. ‘நூறாண்டு மரம், உலர்த்த வேண்டுவதில்லை’ என்று விற்பவர் கூறுவார். பாதி உண்மை. பச்சை நீர் அதில் இல்லை என்பது சரியே. எனினும் திறந்த வெளியில் ஒரு மழைக்காலம் கிடந்த விட்டம், புதிதாக அறுத்த பலகைக்கு நிகரான ஈரத்தை மேற்பகுதியில் ஏற்றிருக்கக்கூடும். அறுத்தபின் அதையும் சில வாரம் அடுக்கில் வைக்கவேண்டும். ஆணிகளைக் காந்தத்தால் தடவிக் கண்டு நீக்கிய பின்னரே வாளிடுக.

வழக்கமான பேனாக்கட்டையின் அளவு முக்கால் அங்குலச் சதுரம், ஐந்து அங்குல நீளம். அஃதாவது ஏறக்குறைய 19 மில்லிமீட்டர்ச் சதுரமும் 127 மில்லிமீட்டர் நீளமும். உலராத மரத்தை இந்த அளவுக்கே அறுத்தல் தவறு. 22 மில்லிமீட்டர்ச் சதுரமாகவும், இருமுனையிலும் விரற்கடை மிகுதியாகவும் அறுத்து வைத்தால், முனைகளில் வெடித்த பகுதியைக் கழித்தும், கோணியதைச் சீவியும் வேண்டிய அளவைப் பெறலாம்.

மரத்தின் நடுக்குருத்து எந்தக் கட்டையிலும் அகப்படலாகாது. குருத்தைச் சுற்றியுள்ள மரம் நட்சத்திரம் போல் வெடித்தே தீரும். அதைத் தடுக்கும் வித்தை எவரிடமும் இல்லை. இழைகள் கட்டையின் நீளத்தோடு ஒத்து ஓடவேண்டும். கோலத்துக்காகச் சிலர் குறுக்கிழையாகவும் சாய்வாகவும் அறுப்பர். பார்வைக்கு அழகியது, ஆனால் துளையிடும்போதே பாதி முறிந்துபோகும். கணுவும் இத்தகையதே.

அடுக்கி உலர்த்துதல்

மரத்தினுள் நீர் இழையின் வழியே செல்லும் வேகம், இழைக்குக் குறுக்கே செல்லும் வேகத்தைக் காட்டிலும் பத்து முதல் பதினைந்து மடங்கு அதிகம். எனவே கட்டையின் இரு முனைகளும் முதலில் வறண்டு சுருங்க, நடுப்பகுதி ஈரமாகவே நிற்கிறது. முனை வெடிப்பதன் காரணம் இதுவே. அறுத்த அன்றே முனைகளை உருக்கிய மெழுகில் அரை அங்குலம் தோய்த்து எடுத்தால் அவ்வழி அடைபடும். நாளை செய்யலாம் என்று வைத்தால் நாளைக்குள் வெடிப்புத் தொடங்கிவிடும். தொடங்கிய வெடிப்பின்மேல் மெழுகு பூசுவதில் பயனில்லை. மெழுகை நேராக அடுப்பின்மேல் உருக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரம் வைத்து உருக்குக. தீப்பற்றும் அபாயம் உண்டு. மெழுகு கிடைக்காத இடத்தில் கெட்டியான எண்ணெய் வண்ணத்தை இருமுறை பூசலாம்.

வெயிலில் பரப்புதல் கூடாது. மேற்பரப்பு விரைந்து உலர்ந்து இறுகி, உள்ளே ஈரம் சிறைப்படும். பின்னர் உள்ளே உலரும்போது உட்புறம் கிழியும். நிழலும் காற்றோட்டமும் உள்ள தாழ்வாரமே ஏற்ற இடம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சட்டம் அமைத்து, முதல் வரிசைக் கட்டைகளை விரலிடை விட்டு அடுக்கி, அடுத்த வரிசையை அவற்றுக்குக் குறுக்கே வைத்து, கோபுரம்போல் உயர்த்தவேண்டும். மேல் வரிசையின்மேல் ஒரு பலகையும் செங்கல்லும் வைத்தால் கட்டைகள் முறுக்கிக்கொள்வது குறையும். சித்திரை வைகாசியில் வறண்ட காற்று வீசும் பீடபூமிப் பகுதிகளில், அடுக்கைச் சுற்றிச் சாக்குத் தொங்கவிட்டுக் காற்றின் வேகத்தைத் தணிப்பது நன்று. மழைக்காலத்தில் அதே சாக்கை அகற்றிவிடவேண்டும்.

எத்தனை நாள் என்று கேட்பது இயல்பு. மரத்துக்கு மரம், ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் இது மாறும். இந்திய மரங்களின் உலர்தன்மையை டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தார் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கின்றனர். மரம் உலர்த்துதற்கான இந்தியத் தர விதிமுறை ஐ.எஸ். 1141 முதன்முதலில் 1958-இல் வெளியாயிற்று. அது உலர்த்துவதில் தரும் தொல்லையைக் கொண்டு மரங்களை மூவகையாகப் பிரிக்கிறது. எளிதில் உலரும் இலவு போன்றவை ஒரு கோடியிலும், விரைந்து உலர்த்தினால் வெடிக்கும் கனத்த மரங்கள் மறுகோடியிலும் நிற்க, தேக்கும் ஈட்டியும் இடைநிலையில் அமைகின்றன. பேனாக்கட்டை சிறிதாதலின் பெரும் பலகையைப் போல் ஆண்டுகள் காத்திருக்க வேண்டுவதில்லை. சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் முடியும். ஆயினும் நாட்காட்டியை நம்புவது ஊகம். தராசை நம்புவதே விஞ்ஞானம்.

தராசு சொல்லும் கணக்கு

முற்றும் உலர்ந்த மரத்தின் எடைக்கு நீரின் எடை எத்தனை விழுக்காடு என்பதே ஈர அளவு. கணித ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய பாடம் இது. ஒரே மரத்திலிருந்து ஒரே நாளில் அறுத்த கட்டைகளில் ஒன்றை மாதிரியாக எடுத்து, நடுப்பகுதியிலிருந்து ஒரு துண்டு வெட்டி உடனே நிறுக்க வேண்டும். அது 26.0 கிராம் இருந்தது என்க. பள்ளி ஆய்வகத்தின் உலர்த்தும் அடுப்பில் 103 பாகை செல்சியசில் வைத்து, இரண்டு முறை அடுத்தடுத்து நிறுத்தும் எடை மாறாத நிலை வரும்வரை விடுக. அப்பொழுது 20.0 கிராம் என்றால், போன நீர் 6.0 கிராம், 6-ஐ 20-ஆல் வகுக்க 0.30. ஈரம் நூற்றுக்கு 30. போன நீரை முதல் எடையாகிய 26-ஆல் வகுத்து 23 என்று எழுதும் மாணவர் பலர். வகுக்கும் எண் உலர்ந்த எடையே என்பதை வற்புறுத்த வேண்டும்.

மாதிரித் துண்டு இதோடு தீர்ந்தது. அதைக் கடைய முடியாது. ஆனால் அது மற்றக் கட்டைகளின் கணக்கைத் திறக்கும் சாவியாயிற்று. மிகுந்த கட்டைகளில் பத்தைக் கட்டாகக் கட்டி நிறுத்ததில் 520 கிராம் இருந்தது என்று கொள்வோம். அவற்றிலும் ஈரம் 30 தானே; ஆகவே முற்றும் உலர்ந்தால் அக்கட்டு 520-ஐ 1.30-ஆல் வகுத்த 400 கிராம் இருக்கும். ஈரம் 12-க்கு வருகையில் கட்டின் எடை 448 கிராம்; 10-க்கு வருகையில் 440. இவ்வெண்களைச் சீட்டில் எழுதிக் கட்டில் தொங்கவிட்டு வாரந்தோறும் நிறுத்துவந்தால் போதும். பத்தைச் சேர்த்து நிறுப்பதன் அனுகூலம் யாதெனில், ஒரு கிராம் பிரிக்கும் சமையலறைத் தராசே இதற்குப் போதுமானது. பொற்கொல்லர் தராசு வேண்டுவதில்லை.

உலர்த்தும் அடுப்பு இல்லாத இடத்தில் சரியான விழுக்காட்டைக் காண இயலாது. எனினும் எடை இறங்குவது நின்றுவிட்டதா என்பதைக் காணலாம். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாதிருந்தால், அவ்விடத்துக் காற்றோடு மரம் சமநிலை அடைந்துவிட்டது என்று பொருள். இரு முட்களை மரத்தில் குத்தி மின்தடையால் ஈரத்தைக் காட்டும் சிறு கருவிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அவை பயனுள்ளவையே. ஆனால் முள் புகும் ஆழத்து ஈரத்தையே அவை காட்டும். நெருக்கமான மரத்தில் நடு ஈரம் வேறாக இருக்கலாம்.

எவ்வளவு உலர்ந்தால் போதும்

காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65 உள்ள இடத்தில் நெடுநாள் வைத்த மரம் ஏறத்தாழ 12 விழுக்காட்டு ஈரத்தில் நிலைக்கும். காற்றின் ஈரப்பதம் 80 ஆனால் மரத்தின் ஈரம் 16-ஐ ஒட்டியும், 30 ஆனால் 6-ஐ ஒட்டியும் நிற்கும். இந்தியா பெரிய நாடு. கடற்கரைப் பட்டினத்தின் காற்றும் ராஜஸ்தானத்தின் காற்றும் ஒன்றல்ல. இதனாலேயே மரத்தின் ஏற்கத்தக்க ஈர அளவைக் கூறும் ஐ.எஸ். 287 என்னும் தரநிர்ணயம், நாட்டைக் காற்றின் ஈரப்பதத்தைக் கொண்டு நான்கு மண்டலங்களாகப் பகுத்து, மண்டலந்தோறும் வெவ்வேறு எல்லை விதிக்கிறது.

பேனாவைப் பொறுத்தவரை ஒரு வேறுபாடு உண்டு. கதவு செய்த ஊரிலேயே மாட்டப்படுகிறது. பேனாவோ சட்டைப்பையில் ஏறி ஊர் ஊராகச் செல்கிறது. விசாகப்பட்டினத்தில் 14 ஈரத்தில் சமநிலை பெற்ற கட்டையை அங்கு கடைந்து விற்றால் அங்கு குற்றமில்லை. அதே பேனா கண்காட்சிக்காக டில்லிக்குச் சென்று, கோடையின் வறண்ட காற்றில் கடைப் பேழைக்குள் இரண்டு மாதம் இருந்தால் வெடிக்கக் கூடும். ஆகவே கடைபவரின் ஊரைக் காட்டிலும் வாங்குபவரின் ஊரைக் கருதுதல் வேண்டும். வெளியூர் விற்பனைக்கு 8 முதல் 10 வரையில் உலர்த்துவது பாதுகாப்பானது. உலர்ந்த மரம் ஈரமான ஊருக்குச் சென்றால் சிறிது பருக்கும். பருப்பதால் குழாயின்மேல் இழுப்பு ஏற்படுவதில்லை, வெடிப்பும் இல்லை. முனை வளையத்தைவிட மரம் சற்று மேடிட்டுத் தோன்றலாம்; அவ்வளவே.

கடற்கரையில் காற்றில் மட்டும் உலர்த்தி 10-ஐ எட்ட முடியாது. இறுதிக் கட்டத்துக்கு ஒரு பெட்டி செய்துகொள்ளலாம். மரப்பெட்டியின் அடியில் இழைச்சுருள் கொண்ட 40 வாட் மின்விளக்கு ஒன்று, அதன்மேல் கம்பிவலைத் தட்டு, அடியிலும் மேலும் சில துளைகள், உள்ளே ஒரு வெப்பமானி. வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டாமல் துளைகளைத் திறந்தும் அடைத்தும் ஒழுங்கு செய்க. ஏற்கெனவே 18-க்குக் கீழ் இறங்கிய கட்டைகளையே இதில் வைக்கவேண்டும். பச்சைக் கட்டையை வைத்தால் வெடிக்கும். இக்காலத்துச் சிக்கன மின்விளக்குகள் போதிய வெப்பம் தாரா. ஆள் இல்லாத பட்டறையில் இரவு முழுதும் எரியவிடவும் வேண்டா.

துளையிட்ட பின்னும் ஓய்வு

உலர்ந்த கட்டையைத் துளையிடும்போது தமரூசியைப் பலமுறை வெளியே இழுத்துத் தூளை உதறவேண்டும். ஈட்டி, புளி போன்ற கடினமான மரங்களில் உராய்வின் சூடு துளையின் சுவரைத் திடீரென்று வறளச் செய்து உள்வெடிப்பை உண்டாக்கும்; அது கடைந்து மெலிந்த பின்னரே கண்ணுக்குத் தெரியும். துளையிட்ட கட்டையை ஓரிரு நாள் ஆறவிட்டுப் பிறகு குழாயைச் செலுத்துவது நல்ல வழக்கம். சிலர் முதலில் 5 மில்லிமீட்டர்த் துளையிட்டு, உள்ளிருந்தும் உலருமாறு சில வாரம் வைத்து, பின்னர் 7-க்கு விரிக்கின்றனர். காலம் குறைவாக உள்ள இடத்தில் இம்முறை பெரிதும் உதவும். முதல் துளை நீள்வட்டமாகச் சிறிது கோணினாலும் இரண்டாவது துளை அதை நேராக்கிவிடும்.

தேக்கிலும் ஈட்டியிலும் இயற்கை எண்ணெய்ப் பசை உண்டு. துளையினுள் அசிட்டோன் தோய்த்த துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் பசை நன்றாகப் பிடிக்கும். ஈட்டியின் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சு உபாதையையும் தருவதால், மூக்கை மூடிக்கொள்ளாமல் எவரையும் தேய்க்க அனுமதிக்கலாகாது.

அடுக்கில் வரும் பகைவர்

வெட்பாலை, ரப்பர் மரம், மா போன்ற வெளிறிய மரங்களை மழைக்காலத்தில் உருட்டாகவே போட்டுவைத்தால், சில நாட்களிலேயே பூசணம் ஏறி நீலக்கறை படியும். வலிமை பெரிதும் குறையாவிடினும் அழகு போயிற்று. வெட்டிய உடனே பட்டையுரித்து அறுத்து அடுக்குவதே தடுப்பு. மற்றொன்று தூள்வண்டு. வெளிமரத்திலுள்ள மாவுச்சத்தே அதன் உணவு. உலர்ந்த கட்டையையும் அது விடாது. அடுக்கின் கீழ் மாவு போன்ற தூள் கண்டால் அக்கட்டைகளை உடனே பிரித்து எரித்துவிட வேண்டும். போரிக் அமிலமும் போராக்சும் கலந்த நீரில், அறுத்த ஈரக்கட்டையை ஊறவைத்து உலர்த்துவது வெளிறிய மரங்களுக்கு ஏற்ற காப்பு. வயிர மரத்துக்கு இது பெரும்பாலும் தேவையில்லை.

இருப்பை யார் வைத்திருப்பது

இதுவரை கூறியவற்றில் கடினமான வித்தை ஒன்றும் இல்லை. கடினமானது காத்திருத்தல். நாளுக்கு நாள் விற்று உண்ணும் கடைசற்காரர், ஐந்நூறு கட்டைகளை ஆறு மாதம் தாழ்வாரத்தில் உறங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அவருடைய அவசரத்தை அறியாமை என்று எழுதிவிடுவது எளிது. உண்மையில் அது முதலீட்டின் குறை. ஈரக்கட்டையை அவர் அறிந்தே எந்திரத்தில் ஏற்றுகிறார். வெடித்த பேனா திரும்பி வரும்போது கூலியும் மரமும் குழாயும் சேர்ந்து நட்டமாவதோடு, அடுத்த ஆண்டு அதே கடையில் ஆணை கிடைப்பதும் நின்றுபோகிறது.

ஆகையால் உலர்ந்த கட்டையின் இருப்பைப் பயிற்சி நிலையமோ கூட்டுறவுச் சங்கமோ பொதுவில் வைத்துக்கொண்டு, உலர்ந்த கட்டையாகவே தொழிலாளருக்கு விற்பது தக்க ஏற்பாடு என்பது எம் கருத்து. இடம் அதிகம் வேண்டியதில்லை; நான்கு அடிச் சதுரத்தில், ஆளுயர அடுக்கில் இரண்டாயிரம் கட்டைகளுக்கு மேல் அடங்கும். பழையதை முதலில் எடுத்து, புதியதைப் பின்னால் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு கட்டின் சீட்டிலும் மரத்தின் பெயர், கிடைத்த இடம், அறுத்த தேதி, முதல் எடை, குறி எடை, கடைசியாக நிறுத்த தேதியும் எடையும் இருக்கவேண்டும். மழைக்காலம் முடிந்ததும் எல்லாக் கட்டுகளையும் மறுபடி நிறுக்கவேண்டும்; ஆனியில் 10-இல் இருந்தது கார்த்திகையில் 14-க்கு ஏறியிருக்கும். குறி எடைக்கு மேல் நிற்கும் கட்டைப் பெட்டியில் வைத்து இறக்கிய பின்னரே வெளியே கொடுக்கவேண்டும். வாங்கிச் சென்றவர் அன்றே கடையாவிட்டால், கட்டைகளை நெகிழித் தாளில் சுற்றி வைக்கச் சொல்லி அனுப்புக.